பைல் காப்பி ஏன் இப்படி இழுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் அலுவலகங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். தேயிலை ஃபேக்டரியின் கணக்குப் பிரிவு, கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேப், காட்டேஜ் நடத்துபவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் பெரும்பாலும் ஒரே புகார்தான்: ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு பைல் போக மணிக்கணக்காகிறது. அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை எங்கே என்று அளந்து பார்க்கும் வரை எந்தப் பொருளும் வாங்காதீர்கள். புது ரூட்டர், புது கம்ப்யூட்டர் என்று செலவழித்த பிறகும் காப்பி பழைய வேகத்திலேயே நகர்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பல இடங்களில் கோளாறு கேபிள் நுனியில் இருக்கும் ஒரு கனெக்டரில்தான் இருந்தது.

1. நெட் பிளான் 100 எம்பிபிஎஸ் போட்டிருக்கோம் சார். ஆனா ஆபீசுக்குள்ள காப்பி பண்ணா இழுக்குது. பிளானை 300க்கு ஏத்திடலாமா?

வேண்டாம். பக்கத்து மேஜைக்கு நீங்கள் அனுப்பும் பைல் இன்டர்நெட் பக்கமே போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டர், ஒரு கேபிள், சுவிட்ச் (எல்லா கம்ப்யூட்டர்களின் கேபிளும் வந்து சேரும் சின்னப் பெட்டி), இன்னொரு கேபிள், அடுத்த கம்ப்யூட்டர். அதன் வழி அவ்வளவுதான். மரம் விழுந்து லைன் அறுந்து ஊரெல்லாம் நெட் இல்லாத நாளில் காப்பி செய்து பாருங்கள், அதே வேகத்தில்தான் போகும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி ஃபோல்டரில் நீங்கள் போட்டு, பக்கத்தில் இருப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார் என்றால் மட்டும் கதை வேறு. அப்போது பைல் வெளியே போய்த் திரும்பி வருகிறது. அந்த வேலைக்கு ஆபீசுக்குள்ளேயே ஒரு ஷேர் ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

2. காப்பி விண்டோல 11 எம்பின்னு காட்டுது. அது நல்லதா, கெட்டதா?

லைன், சுவிட்ச், நெட் பிளான் எல்லாவற்றின் வேகத்தையும் பிட்டில் சொல்வார்கள். விண்டோஸ் காப்பி செய்யும்போது பைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் லைனில் வினாடிக்கு 12.5 எம்பிக்கு மேல் போகவே முடியாது. கூடவே போகும் தலைப்புத் தகவல்களைக் கழித்தால் 11, 11.5 நிற்கும். கிகாபிட் லைனில், அதாவது 1000 எம்பிபிஎஸ் லைனில், கணக்குப்படி 125, நடைமுறையில் 110லிருந்து 115 வரை.

எண்ணைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். 11இல் ஆடாமல் நின்றால் வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. 30, 40இல் நின்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 போர்ட் அல்லது டிரைவ். மேலும் கீழுமாக ஆடினால் டிஸ்க் அல்லது வைஃபை. 110 வந்தால் கிகாபிட் லைனில் கிடைக்கக்கூடியது முழுதாகக் கிடைக்கிறது என்று அர்த்தம். 64 ஜிபி மெமரி கார்டு நிறைய இருக்கும் வீடியோ 11இல் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 110இல் போனால் 10 நிமிடம். முகூர்த்த சீசனில் ஒரு ஸ்டூடியோவுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

3. சரி, தடை எங்க இருக்குன்னு நானே கண்டுபிடிக்க முடியுமா? ஆள் கூப்பிட்டாத்தான் ஆகுமா?

நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலில் இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்து, லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். 1000/1000 என்று இருந்தால் கிகாபிட். ஒன்றில் 100/100 இருந்தாலும் முழு வழியும் 100தான். அப்படி இருந்தால் நேராக 4ஆம் கேள்விக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், ஒரே ஒரு பெரிய வீடியோவைக் காப்பிக்குப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, ஈதர்நெட் கோடு பாதிக்குக் கீழே தவழ்ந்தால் கோளாறு டிஸ்க்கில். ஈதர்நெட் கோடு உச்சியில் நேராகப் போய், டிஸ்க் சும்மா இருந்தால் லைன்தான் எல்லை. இரண்டுமே சும்மா இருந்தும் மெதுவாகப் போனால் ஆன்டிவைரஸ், கேபிளில் பிழைகள், சின்ன பைல்கள் ஆகியவற்றில் ஒன்று. அவை கீழே தனித்தனியாக வரும்.

இதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல் லைனை மட்டும் அளக்கும். ஒரு கம்ப்யூட்டரில் அதைக் காத்திருக்கும் நிலையில் ஓடவிட்டு, இன்னொன்றிலிருந்து அதன் ஐபி முகவரிக்கு அனுப்பச் சொன்னால் 10 வினாடியில் கணக்கு வந்துவிடும். ஃபயர்வால் அனுமதி கேட்டால் தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். கிகாபிட்டில் 900 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தால் கேபிளையும் சுவிட்சையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. கேபிள் மாற்ற வந்தவரிடம் இந்த எண்ணைக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

4. சுவிட்ச் கிகாபிட், ரெண்டு கம்ப்யூட்டரும் கிகாபிட். அப்புறமும் 100லயே நிக்குதே அண்ணா?

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்: கனெக்டரில் 1, 2, 3, 6ஆம் இடங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஏதாவது ஒரு கம்பி தொடர்பில்லாமல் போனாலும் பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் ஓடும், பிரிண்டர் ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. காப்பி போடும்போதுதான் தெரியும்.

கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். எட்டுக் கம்பிகளின் செம்பு முனைகளும் பிளாஸ்டிக்கின் முன்சுவரை முட்டிக்கொண்டு வரிசையாகத் தெரிய வேண்டும். பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் பிரவுன் கம்பி ஒரு மில்லிமீட்டர் குட்டையாக நிற்கும், தங்க நிறத் தகடு அதன் மேல் கடிக்காமல் காற்றில் இருக்கும். வெளி உறை கனெக்டருக்குள் போகாமல், வெறும் கம்பிகள் வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். அப்படிப் போட்ட கனெக்டர் நாற்காலி நகரும்போதெல்லாம் இழுபட்டு, இன்றில்லாவிட்டால் நாளை கைவிடும். வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டரை அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப் என்பார்கள்) பல இடங்களில் அதோடு வேலை முடிந்துவிடும்.

கேபிள் சரியாக இருந்தால், எந்தப் பெட்டியில் சொருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டிகள் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100ஆகவும் இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் சொருகியிருந்தால் 11க்கு மேல் வராது. ஒரு சின்ன கிகாபிட் சுவிட்ச் வாங்கி கம்ப்யூட்டர்களை அதில் சொருகி, அதிலிருந்து ஃபைபர் பெட்டிக்கு ஒரு கேபிள் கொடுத்துவிடுங்கள். வாங்கச் சொல்லும் பொருள்களில் இது ஒன்றைத்தான் தயங்காமல் சொல்வேன்.

5. கலர் எந்த வரிசைல இருந்தா என்ன, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும்னு எலக்ட்ரீஷியன் சொல்றாரே?

போதாது. ஜோடியில் உள்ள இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியிலிருந்து வரும் மின் குறுக்கீட்டைத் தள்ளுபடி செய்கிறது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்: இதுதான் வழக்கமான வரிசை. 3ஆம் 6ஆம் இடங்களுக்குப் பச்சை ஜோடி பிரிந்து போவதைக் கவனியுங்கள். கலரை அடுத்தடுத்து அடுக்கினால் 3ஆம் 6ஆம் இடங்களில் வேறு வேறு ஜோடியின் கம்பிகள் வந்துவிடும். சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் லைனில் பிழைகள் குவியும், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பி மேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிள் விலை மலிவு. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அது எளிதில் ஒடியும், நீள ஓட்டத்துக்கு ஆகாது.

6. வெயில் காலத்துல நல்லா ஓடுது. மழை ஆரம்பிச்சா ஸ்லோ ஆயிடுது. இது மாயமா இருக்கே?

மாயமில்லை, ஈரம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் இந்தப் போன் வரும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வரும். வீட்டுக்குள் போடும் சாதாரணக் கேபிளைச் சுவர் வெளியே இழுத்துக் கட்டியிருப்பார்கள். வெயிலில் உறை வெடித்து, மழையில் உள்ளே தண்ணீர் இறங்கும். சரிவில் இருக்கும் கட்டடங்களில் மேல் கட்டடத்தில் புகுந்த தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து கீழ்க் கட்டடத்து அறைக்கு வந்துவிடும். கனெக்டரைக் கழற்றினால் நுனியில் ஒரு சொட்டு நிற்கும், பின்களில் பச்சை படிந்திருக்கும்.

உறுதிப்படுத்துவது எளிது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு பிங் கட்டளையை (சின்னச் சின்ன பாக்கெட்களாகத் தகவல் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது) தொடர்ச்சியாக ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரே சுவிட்சில் கேபிளில் இருக்கும் இரண்டு மெஷின்களுக்கு நடுவில் ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது. தொலைந்தால் கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். வெளியே போகும் கேபிள் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும். சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட் வேண்டவே வேண்டாம். பச்சை பிடித்த கனெக்டரைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள், வெட்டி எறியுங்கள்.

7. ஃபேக்டரி ஆபீசுக்கும் கீழ பேக்கிங் குடோனுக்கும் 130 மீட்டர் இருக்கும். லைன் எரியுது, ஆனா காப்பி ஆமை மாதிரி. என்ன பண்றது?

செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் வரம்பு. அதைத் தாண்டியும் விளக்கு எரியலாம், ஆனால் பிழையில்லாமல் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் தூரம் தீரும். ஆனால் நம் மலையில் இரண்டு கட்டடங்களைச் செம்பால் இணைப்பதே எனக்குப் பிடிக்காது. கோடை மழையோடும் ஐப்பசி மழையோடும் வரும் இடி அந்தக் கேபிள் வழியாக இரண்டு பக்கத்து சுவிட்சையும் கம்ப்யூட்டர் போர்ட்டையும் சேர்த்து எரித்துவிடும். எரியாமல் அரைகுறையாகப் பழுதான போர்ட் இன்னும் மோசம், காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைக்கழிக்கும்.

ஃபைபர் போடுங்கள். சிங்கிள் மோடு ஃபைபர், இரண்டு பக்கமும் கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண செம்பு போர்ட்டோடு இணைக்கும் சின்னப் பெட்டி). ஒரே இழை போதும் வகையில் வாங்கினால் ஏ, பி என்று ஜோடியாகத்தான் வரும். இரண்டு ஏ வாங்கினால் வேலை செய்யாது. தாங்குவதற்கு ஸ்டீல் கம்பி இல்லாத, எஃப்ஆர்பி என்ற மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் குச்சி வைத்த கேபிளாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் இடிக்கு மறுபடியும் வழி விட்டதாகும். குரங்கு தொங்கும் இடங்களில் தலைக்கு மேல் இழுக்காமல் பைப்பில் பூமிக்குள் கொண்டுபோவது நல்லது. ஃபேக்டரிக்குள் செம்பு போடும் இடத்தில் இலையை வாட்டும் ட்ரஃப் ஃபேன், இலையை நசுக்கும் சிடிசி மெஷின் ஆகியவற்றின் மோட்டார் பவர் கேபிளோடு ஒரே பைப்பில் விடாதீர்கள். ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

8. லேப்டாப் ரெண்டும் வைஃபைல தான் இருக்கு. வைஃபை புல் கோடு காட்டுது, ஆனா காப்பி 4, 5 எம்பி தான். ஏன்?

கோடு எத்தனை என்பது சிக்னலின் பலம், வேகம் அல்ல. இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால், பைல் முதலில் ரூட்டருக்கு ஒருமுறை, ரூட்டரிலிருந்து அடுத்ததற்கு ஒருமுறை என்று அதே காற்றில் இரண்டு தடவை போகிறது. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆக வேகம் பாதியாகிவிடும். ஏதாவது ஒன்றையாவது கேபிளில் போடுங்கள், உடனே வித்தியாசம் தெரியும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5க்கு மாற்றுங்கள், ஆனால் ரூட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்க வேண்டும். பழைய பங்களாக்களின் தடித்த கருங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே மறித்துவிடும். தகர ஷீட் தடுப்பு இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்த இடங்களில் இன்னும் பெரிய ஆன்டெனா வைத்த ரூட்டர் வாங்குவதைவிட, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கேபிள் இழுத்து அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைப்பதுதான் நிலைத்துப் பலன் தரும்.

9. 20 ஜிபி வீடியோ ஒன்னு சர்ர்னு போகுது. அதே 20 ஜிபி போட்டோ ஃபோல்டர் உயிரை எடுக்குது. அளவு ஒன்னுதானே?

அளவு ஒன்று, வேலை ஒன்றல்ல. ஃபேக்டரிக்கு இலை வரும்போது ஒரு பெரிய மூட்டையை ஒரே தடவை எடை போட்டு நோட்டில் ஒரு வரி எழுதுவதும், அதே இலையை நூறு சின்னப் பையில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடை போட்டு நூறு வரி எழுதுவதும் ஒன்றாகாது. ஒவ்வொரு பைலுக்கும் பெயர் போட்டு, அனுமதி பார்த்து, திறந்து, எழுதி, தேதி பதித்து, மூட வேண்டும். அத்தனைக்கும் இரண்டு மெஷினுக்கும் நடுவில் போகவர வேண்டும். கூடவே இரண்டு பக்கத்து ஆன்டிவைரஸும் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் ஊசி இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும்.

அடிக்கடி எடுக்கத் தேவையில்லாத பழைய ஃபோல்டர் என்றால், அழுத்தம் எதுவும் இல்லாமல் ஒரே ஜிப் பைலாகக் கட்டி அனுப்புங்கள். ஜேபெக் படங்களை அழுத்தினாலும் சுருங்காது, நேரம்தான் வீண். தினமும் அனுப்புவதாக இருந்தால் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பியைப் பழகிக்கொள்ளுங்கள். எம்டி என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பல பைல்களை ஒரே நேரத்தில் அனுப்பும். எண் கொடுக்காவிட்டால் 8, நான் பொதுவாக 16 வைப்பேன். அடுத்த தடவை ஓட்டும்போது மாறாத பைல்களை அதுவே விட்டுவிடும் என்பதால் பேக்கப்புக்கு இதைவிட எளிய வழி தேட வேண்டியதில்லை.

10. முதல்ல 110ல பறக்குது. ஒரு நிமிஷத்துல 25க்கு விழுந்துடுது. கேபிள் சூடாகுதா?

கேபிள் சூடாவதில்லை. முதலில் நீங்கள் பார்க்கும் வேகம் ராமில் விழும் வேகம். வாங்கும் கம்ப்யூட்டர் வந்ததை ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, டிஸ்க்கில் மெதுவாக எழுதும். ராம் நிறைந்ததும் டிஸ்க்கின் உண்மையான வேகம் வெளியே வரும். பெரிய கொள்ளளவில் மலிவாக வரும் ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஓடு போட்டதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். எஸ்எம்ஆர் என்பார்கள். தொடர்ந்து எழுதினால் அவை இப்படித்தான் மூச்சு வாங்கும். மலிவான எஸ்எஸ்டியும் தன் வேகமான பகுதி நிறைந்ததும் இறங்கும்.

இதற்கு நெட்வொர்க்கில் செய்ய எதுவும் இல்லை. டிஸ்க்கில் இடம் 90 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருந்தால் காலி செய்யுங்கள். வேகம் 25லும் நிற்காமல் பூஜ்யத்துக்குப் போய்ப் போய் வந்தால், அந்த டிஸ்க் சாகப்போகிறதா என்று, அது தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். அன்றைக்கே பேக்கப் எடுத்துவிடுங்கள்.

11. நான் அவங்க மெஷின்ல இருந்து எடுத்தா வேகமா வருது, அவங்களுக்கு அனுப்பினா ஸ்லோ. ஒரே கேபிள்தானே?

முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். படிப்பதைவிட எழுதுவது பல டிஸ்க்குகளுக்குக் கடினம், மேலே 10இல் சொன்னதுதான். ஐபெர்ஃப்3யை இரண்டு திசையிலும் ஓட்டி, ஒரு திசை மட்டும் குறைந்தால்தான் லைனைக் குற்றம் சொல்ல வேண்டும்.

லைன்தான் என்றால் இரண்டு காரணங்கள் எனக்கு அதிகம் கிடைத்தவை. ஒன்று, 5இல் சொன்ன பிரிந்த ஜோடி. இன்னொன்று, யாரோ ஒருவர் கார்டு செட்டிங்கில் வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று கையால் பூட்டி வைத்திருப்பார். எதிரில் இருக்கும் சுவிட்ச் தானாகப் பேசித் தீர்க்க முயன்று, பதில் வராததால் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இறங்கிவிடும். ஒருவர் நிறுத்தாமல் பேச, இன்னொருவர் காத்திருந்து பேச, பாக்கெட்கள் மோதிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

12. காப்பி வேகம் பரவாயில்லை. ஷேர் ஃபோல்டரைத் திறக்கவே அரை நிமிஷம் சுத்துதே?

கம்ப்யூட்டர் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். உடனே திறந்தால் பெயரைத் தேடுவதில்தான் தாமதம். அந்த மெஷினுக்கு ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்கி, அதை வைத்தே டிரைவை மேப் செய்யுங்கள், அதாவது அந்த ஷேர் ஃபோல்டர் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் எழுத்தாகத் தெரியும்படி வையுங்கள். ஓய்வு கொடுத்துவிட்ட பழைய சர்வருக்கு மேப் செய்த டிரைவ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், விண்டோஸ் அதைத் தேடித் தேடிக் களைத்துப்போகும். ஃபோல்டர் முழுக்கப் படங்கள் என்றால் சிறுபடம் காட்டுவதை நிறுத்தி, பட்டியலாகப் பார்க்கும்படி மாற்றுங்கள்.

13. விண்டோஸ் 11 அப்டேட் ஆனதுக்கு அப்புறம் பழைய ஸ்டோரேஜ் பெட்டி திறக்கவே மாட்டேங்குது, திறந்தாலும் ஸ்லோ. எஸ்எம்பி1 ஆன் பண்ணச் சொல்றாங்க, பண்ணலாமா?

பண்ணாதீர்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பைல் பகிரப் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர், எஸ்எம்பி1 அதன் மிகப் பழைய பதிப்பு. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. அதே ஆண்டின் இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 10 புதுப் பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. வேகத்திலும் அது பின்தங்கியது, ஒவ்வொரு சின்ன வேலைக்கும் அதிகம் போகவர வேண்டும்.

விண்டோஸ் 11 புரோ 24எச்2 பதிப்பில் இரண்டு விஷயங்கள் மாறின. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு அடைபட்டது, எஸ்எம்பி கையொப்பம் (வரும் தகவலை வழியில் யாரும் மாற்றவில்லை என்று சரிபார்ப்பது) கட்டாயமானது. முதலாவதுக்கு, பெட்டியில் ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கினால் திறந்துவிடும். இரண்டாவது, பழைய பிராசசர் வைத்த பெட்டியில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்து பாருங்கள், கையொப்பத்தை அணைக்க வேண்டாம். எடைமேடையில் இன்னும் எக்ஸ்பி ஓடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, கணக்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வதே அந்த ஆபீசுக்குப் பாதுகாப்பு.

14. திடீர்னு எல்லா கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல நின்னு போகுது. சுவிட்ச்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் ஓடுது.

சுவிட்ச்சைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னினால், ஒரு கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் சொருகப்பட்டிருக்கிறது. மேஜை துடைத்தவர் தொங்கிக்கொண்டிருந்த முனையை நல்ல எண்ணத்தில் சொருகிவிட்டிருப்பார். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

விளக்கெல்லாம் ஒருசேர அணைந்து எரிந்தால் கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்கும் நம் ஊரில் சுவிட்ச் அடாப்டர்கள் சீக்கிரம் தளர்ந்துபோகும். அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள், சுவிட்ச்சையும் யூபிஎஸ்ஸில் கொடுங்கள். நிற்காமல் எப்போதும் மந்தமாக இருந்தால் கேமராக்கள் காரணமாக இருக்கலாம். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் என்றால் 16 கேமராவுக்கு 64. அது முழுவதும் ஒரு 100 எம்பிபிஎஸ் இணைப்பின் வழியாக ரெக்கார்டருக்குப் போனால், அதே இணைப்பில் உங்கள் பைலுக்கு என்ன மிஞ்சும்? கேமராக்களையும் ரெக்கார்டரையும் தனி சுவிட்சில் போடுங்கள்.

15. டேலி டேட்டா ஃபோல்டரை மதியம் ஓடிட்டிருக்கும்போதே காப்பி பண்ணலாமா? ரொம்ப ஸ்லோவா போகுது.

வேகத்தைவிட இங்கே பயம் வேறு. எழுதிக்கொண்டிருக்கும் பைலைக் காப்பி செய்தால் பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு நகல் கிடைக்கும். வேண்டிய நாளில் அது திறக்காது. எல்லோரும் வெளியே வந்த பிறகு டேலியின் பேக்கப் வசதியிலேயே எடுங்கள். எடுத்ததை மாதம் ஒருமுறையாவது வேறு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். இலை கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய இலைக்காசு கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது, சிறு விவசாயிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

16. ஜம்போ ஃப்ரேம் ஆன் பண்ணு, ரெஜிஸ்ட்ரில இதை மாத்துன்னு வீடியோல சொல்றாங்களே?

தேவையில்லை. ஜம்போ ஃப்ரேம் என்பது ஒரு தடவைக்கு வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாகத் தகவலை அனுப்புவது. அது வழியில் உள்ள எல்லாப் பெட்டிகளிலும் ஒரே அளவில் இருந்தால்தான் ஓடும். ஒன்று தவறினாலும் காப்பி பாதியில் தொங்கும், பிரிண்டர் காணாமல் போகும். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) பற்றிய குறிப்புகள் பல பழைய விண்டோஸுக்கு எழுதியவை. கார்டின் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பிப்பது மட்டும் பலமுறை பலன் தந்திருக்கிறது. லிங்க் விட்டுவிட்டு அறுந்தால் கார்டின் மின்சேமிப்பு விருப்பங்களை அணைத்தும் பார்க்கலாம்.

17. எல்லாம் சரி பண்ணியாச்சு, 112 வருது. ஸ்டூடியோவுக்கு இன்னும் வேகம் வேணும். கேபிள் எல்லாம் மாத்தணுமா?

மாற்ற வேண்டாம். 2016இல் வந்த 2.5 கிகாபிட் தரநிலையே ஏற்கெனவே சுவருக்குள் இருக்கும் கேட் 5ஈ என்ற சாதாரண நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் உருவானது. கேபிள் ஒழுங்காக இருந்தால் 100 மீட்டர் வரை ஓடும், வினாடிக்கு 280 எம்பி பக்கம் கிடைக்கும். ஆனால் இரண்டு முனையிலும் எஸ்எஸ்டி இருக்க வேண்டும். சுழலும் ஒற்றை ஹார்ட் டிஸ்க் அந்த வேகத்தில் எழுதாது, 3இல் சொன்னபடி டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முழு ஸ்டூடியோவுக்கும் செய்ய வேண்டியதில்லை. எடிட்டிங் மெஷினுக்கும் வீடியோ சேமிக்கும் மெஷினுக்கும் ஆளுக்கொரு 2.5 கிகாபிட் கார்டு போட்டு, நடுவில் ஒரு சின்ன 2.5 கிகாபிட் சுவிட்ச் வைத்தால் போதும். ஆல்பம் டிசைன் செய்பவர், பில் போடுபவர் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இப்போது இருக்கும் சுவிட்சிலேயே இருக்கட்டும்.